ஃபாலிக்குலைட்டிஸ் டிகால்வன்ஸ்: ஸ்வாப், பயாப்ஸி, மாத்திரை, எது முதலில்?

#1 சீப்புமுனை

உச்சந்தலையில் சீழ்க்கொப்புளம், பொருக்கு, நடுவில் வழுக்கை: இப்படி வரும் கேள்விகள் இங்கே பொடுகு இழையிலும் புழுவெட்டு இழையிலும் சிதறிக் கிடக்கின்றன. பதில்களும் அந்தந்த இழையின் போக்கிலேயே போய்விடுகின்றன. புழுவெட்டில் மயிர்க்கால் உயிரோடு இருக்கும், முடி திரும்ப வாய்ப்புண்டு. இந்த நோயில் மயிர்க்காலே அழிந்து அந்த இடம் தழும்பாகிவிடும். இரண்டையும் ஒரே இழையில் பேசினால் யாரோ ஒருவருக்கு மாதக்கணக்கில் நேரம் போய்விடும், அந்த மாதங்களில் திட்டு பெரிதாகும். அதனால்தான் தனி இழை.

பேச வேண்டியது ஃபாலிக்குலைட்டிஸ் டிகால்வன்ஸ். இதை 1888இல் விவரித்தவர் கேன்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர், அதனால் பழைய நூல்களில் கேன்கோ நோய் என்றும் இருக்கும். சொந்தக் கதைகள் வேண்டாம், வழிமுறையாக எழுதுங்கள். பார்த்தவுடன் எதை வைத்துச் சந்தேகிப்பது? சீழ்ப் பரிசோதனை (ஸ்வாப்), தோல்துண்டுப் பரிசோதனை (பயாப்ஸி), ஆன்டிபயாடிக் மாத்திரை, இவற்றில் எது முதலில், ஏன்? ரிஃபாம்பிசின், கிளிண்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளும் 10 வாரம் என்பதுதான் முதல் மருந்தா? மருந்து கேட்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வது?

#2 அகலாடி

முதல் கேள்விக்கு வருகிறேன். திட்டின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நோய் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்: வழவழப்பான, வெளிறிய, துளைகளே இல்லாத தோல். நோய் உயிரோடு இருப்பது முடி இருக்கும் விளிம்பில். அங்கே மயிர்க்காலைச் சுற்றிச் சிவப்பு, சிறு சீழ்க்கொப்புளம், மஞ்சள் பொருக்கு, சில சமயம் இரத்தம் கலந்த பொருக்கு இருக்கும். வலி, அரிப்பு, எரிச்சல் இருக்கலாம். எதுவுமே உணராமல் திட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டு போவதும் உண்டு. உச்சந்தலையும் பின்மண்டையும் வழக்கமான இடங்கள். இளவயதிலும் நடுவயதிலும் அதிகம், ஆண்களிடம் சற்றுக் கூடுதல்.

கண்ணுக்கே தெரியும் இன்னொரு அடையாளம் கொத்து முடி. பிரஷ்ஷில் நார் செருகியதுபோல ஒரே துளையிலிருந்து ஐந்து, பத்து, அதற்கும் மேல் முடிகள் சேர்ந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்களின் மேற்பகுதி அழற்சியில் சிதைந்து ஒரே வாயாகிவிடுவதால் வருவது இது. டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) ஒரு கொத்தில் 5க்கு மேல் முடி, முடியின் அடியைக் குழாய்போலச் சுற்றிய செதில், கொத்தைச் சுற்றி நட்சத்திரம் வெடித்ததுபோல் தடித்த தோல், இடையிடையே பால் கலந்த சிவப்புப் பரப்பு, இவை சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுவானது. கொத்து முடி மட்டும் இருந்தால் போதாது. பிடரியில் வரும் ஆக்னி கெலாய்டாலிஸிலும், நீண்டநாள் அழற்சி எது நடந்தாலும், சிறிய கொத்துகள் தோன்றும்.

குழப்பம் வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தொட்டால் மெத்துமெத்தென்று கட்டிகள், ஒன்றை அழுத்தினால் பக்கத்துத் துளையில் சீழ் வருகிறது என்றால் அது டிசெக்டிங் செல்லுலைட்டிஸ். அக்குள், தொடையிடுக்குக் கட்டிகளைப் பற்றியும் கேளுங்கள். வெயிலில் பழுத்த முதியவர் வழுக்கையில் பொருக்கும் அடியில் புண்ணும் இருந்தால் ஈரோசிவ் பஸ்டுலர் டெர்மடோசிஸ். குழந்தைக்கு வந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் படர்தாமரைப் பூஞ்சையை விலக்குங்கள். சீழோடு வீங்கிய பூஞ்சைத் தொற்று இதைப் போலவே இருக்கும், உரிய மருந்து தாமதமானால் அதுவும் தழும்பில் முடியும்.

#3 குறுக்குவெட்டு

பயாப்ஸி பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் கெட்டுப்போகும் பயாப்ஸிகளில் பெரும்பாலானவை லேபுக்கு வருவதற்கு முன்பே கெட்டவை.

இடம்: திட்டின் ஓரத்தில், முடி இன்னும் இருக்கும் பகுதியில், சிவப்பும் செதிலும் தெரியும் மயிர்க்கால். டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்து, பேனாவால் குறித்துவிட்டு எடுப்பது நல்லது. நடு வழுக்கையில் எடுத்தால் "தழும்பு, மயிர்க்கால் இல்லை" என்று அறிக்கை வரும். அது பொய்யில்லை, ஆனால் அந்த அறிக்கையை வைத்து எந்தத் தழும்பு வழுக்கை என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய கொப்புளத்தின் மீதே பஞ்ச் கருவியை (தோலைத் துளைத்துத் துண்டெடுப்பது) வைப்பதும் தவறு. சீழும் உடைந்த மயிர்க்காலும் மட்டும் வரும், அது சாதாரண ஃபாலிக்குலைட்டிஸிலும் அப்படித்தான் இருக்கும்.

அளவு: 4 மி.மீ. பஞ்ச். இரண்டு துண்டுகள், ஒன்று நெடுக்குவெட்டுக்கு, ஒன்று குறுக்குவெட்டுக்கு. குறுக்குவெட்டில் ஒரே தகட்டில் எல்லா மயிர்க்கால்களும் தெரியும். எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை ஒன்றாகிவிட்டன என்று எண்ணலாம். நெடுக்குவெட்டில் மேல்தோல் முதல் கொழுப்பு வரை அழற்சி எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். ஒரே துண்டுதான் கிடைக்கும் என்றால் எந்த வெட்டு வேண்டும் என்பதை லேபோடு பேசிவிட்டு அனுப்புங்கள்.

கோணம்: பஞ்ச் கருவியைத் தோலுக்குச் செங்குத்தாக இறக்காதீர்கள், முடி சாய்ந்திருக்கும் கோணத்தில் இறக்குங்கள். செங்குத்தாக இறக்கினால் மயிர்க்கால் நடுவில் துண்டாகி மேல்பாதி மட்டும் வரும். ஆழம் கொழுப்பு வரை போக வேண்டும். அட்ரினலின் கலந்த லிடோகெயின் (மரக்க வைக்கும் ஊசி) போட்டுவிட்டு 10 நிமிடம் பொறுங்கள். தலைத்தோல் இரத்தம் நிறையக் கசியும் இடம், அந்தப் பொறுமை அங்கே பலன் தரும். துண்டைக் கிடுக்கியால் நசுக்காமல் ஊசிமுனையால் தூக்கி, அடிக்கொழுப்பைக் கத்தரித்து எடுக்க வேண்டும். நசுங்கிய செல்லைப் பார்த்து நியூட்ரோஃபிலா லிம்ஃபோசைட்டா (இரண்டும் வெள்ளணு வகைகள்) என்று சொல்ல முடியாது, இந்த நோயில் கேள்வியே அதுதான். தையலுக்கு நீல நைலான் எடுங்கள், கறுப்பு நூல் கறுப்பு முடியில் தொலைந்துவிடும்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், 2001இல் வட அமெரிக்க முடி ஆய்வுச் சங்கம் வகுத்த முறையில் முதன்மைத் தழும்பு வழுக்கைகள் லிம்ஃபோசைட் வகை, நியூட்ரோஃபில் வகை, கலப்பு வகை எனப் பிரிக்கப்பட்டன. டிகால்வன்ஸ் நியூட்ரோஃபில் வகை. தொடக்கத்தில் மயிர்க்காலின் மேல், நடுப் பகுதிகளில் நியூட்ரோஃபில்கள் குவிந்திருக்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் சீக்கிரமே காணாமல் போகும். நாளானபின் லிம்ஃபோசைட்டும் பிளாஸ்மா செல்லும் சேர்ந்து, படம் கலப்பாகிவிடும். முடியைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே உள்ள புடைப்பில் இருக்கின்றன. அழற்சி தாக்குவது அந்த உயரத்தையேதான். அந்தப் புடைப்பு அழிந்தால் மயிர்க்கால் மீண்டும் உருவாகாது. எந்தத் தைலமும் எந்தச் சீரமும் தழும்பில் முடியைக் கொண்டுவராததற்குக் காரணம் இதுதான்.

பி.ஏ.எஸ். சாயம் போடச் சொல்லி எழுதுங்கள், பூஞ்சையை விலக்க.

#4 அகார்தட்டு

சீழ்ப் பரிசோதனை. இதை மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்தால் "வளர்ச்சி இல்லை" என்று வரும், பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு "கிருமியே இல்லை" என்று ஆறு மாதம் வாதம் நடக்கும். ஆகவே சீப்புமுனையின் வரிசைக் கேள்விக்கு என் பதில்: ஸ்வாப், பயாப்ஸி, அப்புறம்தான் ஆன்டிபயாடிக். முதல் இரண்டையும் ஒரே வருகையில் முடித்துவிடலாம்.

உடையாத கொப்புளத்தைத் தேர்ந்தெடுங்கள். மேற்பரப்பை ஆல்கஹாலால் துடைத்து, முழுதாக உலர விடுங்கள். ஈரம் இருக்கும்போதே குத்தினால் அந்த ஆல்கஹாலே கிருமியைக் கொன்றுவிடும். மலட்டு ஊசியால் கூரையைக் கிழித்து, உள்ளிருந்து வரும் சீழை ஸ்வாப் நுனி நன்றாக ஊறும்படி எடுங்கள். பொருக்கின் மேல் தேய்த்து எடுக்கும் ஸ்வாபில் தோலில் சாதாரணமாக வாழும் கிருமிகள்தான் வளரும். கொப்புளமே இல்லையென்றால் பொருக்கை மெல்லத் தூக்கி அதன் அடி ஈரத்தில் எடுக்கலாம், அதைப் படிவத்தில் குறிப்பிடுங்கள்.

இன்னொரு ஸ்வாப் மூக்குக்கு. ஒரே ஸ்வாபால் இரண்டு நாசி வாயிலும் சுழற்றி எடுக்க வேண்டும். இந்த நோயில் வழக்கமாக வளரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியிருக்கும் முக்கிய இடம் மூக்கின் முன்பகுதி. தலையை மட்டும் சுத்தம் செய்து மூக்கை விட்டுவிட்டால் அங்கிருந்து கை வழியாகத் தலைக்குத் திரும்பும்.

பயாப்ஸியிலேயே ஒரு துண்டைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்க) அனுப்புவதாக இருந்தால் அதை மலட்டு உப்புநீரில் போடுங்கள். ஃபார்மலினில் போட்ட துண்டில் எதுவும் வளராது. எளிமையான விஷயம், ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

அறிக்கை வந்ததும் எரித்ரோமைசின் வரியையும் கிளிண்டாமைசின் வரியையும் சேர்த்துப் பாருங்கள். எரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு, கிளிண்டாமைசினுக்கு உணர்வு (மருந்து கேட்கும்) என்று இருந்தால் டி-டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டு மருந்துகளின் வில்லைகளையும் கிருமி வளரும் தட்டில் 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைக்கும்போது, கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில டி எழுத்துபோல் ஆனால், தூண்டினால் வெளிப்படும் எதிர்ப்பு அந்தக் கிருமியிடம் இருக்கிறது. தாளில் உணர்வு என்று இருந்தும் மருந்து நடுவழியில் கைவிடும்.

#5 சீப்புமுனை

> ஸ்வாப், பயாப்ஸி, அப்புறம்தான் ஆன்டிபயாடிக்

ஏற்கெனவே ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால்? நிறுத்திவிட்டுக் காத்திருப்பதா? இன்னொன்று: இது தொற்றுநோயா இல்லையா என்பதில் நம் இழையிலேயே தெளிவு வேண்டும். கிருமி வளர்கிறது என்று சொல்லிவிட்டு, சீப்பைப் பகிர்ந்தால் ஒட்டாது என்றும் சொன்னால் படிப்பவர் குழம்புவார்.

#6 அகார்தட்டு

நோய் மெதுவாக நகர்கிறது, வலியோ காய்ச்சலோ இல்லை என்றால், மருத்துவர் ஒப்புதலோடு நிறுத்தி 2 வாரம் கழித்து எடுப்பது வழக்கம். விளிம்பு வேகமாகப் பரவுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிட்டு "இன்ன மருந்து, இத்தனை நாள்" என்று படிவத்தில் எழுதுங்கள்.

தொற்றா என்பதற்கு: கிருமி இருக்கிறது, ஆனால் கிருமி மட்டும் காரணமில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எத்தனையோ பேர் தோலிலும் மூக்கிலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறது. இந்த நோயுள்ளவர் உடல் அதே கிருமிக்கு அளவுமீறி, தன் மயிர்க்காலையே அழிக்கும் அளவுக்கு எதிர்வினை காட்டுகிறது என்பதே இன்று பரவலான விளக்கம். அதனால்தான் ஆன்டிபயாடிக் கேட்கிறது, நிறுத்தினால் திரும்பவும் வருகிறது. கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகலாம், நோய் போகாது. கூட இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

#7 வேளைக்கணக்கு

ரிஃபாம்பிசின் 300 மி.கி. இரண்டு வேளை, கிளிண்டாமைசின் 300 மி.கி. இரண்டு வேளை, 10 வாரம். இந்தக் கணக்கு நிலைபெற்றது 1999இல் வெளியான 18 பேர் ஆய்வால். ஒரே சுற்றில் 10 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது, 2 முதல் 22 மாதம் வரை பார்த்ததில் திரும்பவில்லை. ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. தனியாகக் கொடுத்தால் கிருமி மிக விரைவில் எதிர்ப்பைப் பெற்றுவிடும்.

தொடங்குமுன் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ரிஃபாம்பிசின் காசநோய்க்கான மூல மருந்து. மறைந்திருக்கும் காசநோய் மீது ரிஃபாம்பிசினை அரைகுறையாக ஓட்டினால் எதிர்ப்புள்ள காசநோயை நாமே உருவாக்கியதாகிவிடும். கல்லீரல் பரிசோதனை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு 2 முதல் 4 வாரத்தில் ஒருமுறை. ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில், உணவுக்கு 1 மணி நேரம் முன்பு. சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். அது பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மென்மையான காண்டாக்ட் லென்ஸ் நிரந்தரமாகக் கறைபடும், அந்த 10 வாரமும் கண்ணாடிக்கு மாறுங்கள். கண் வெள்ளை மஞ்சளாவது வேறு விஷயம், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்ற மாத்திரைகளைக் கரைத்துவிடும் குணமும் ரிஃபாம்பிசினுக்கு உண்டு. கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவதால் கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், வலிப்பு மருந்துகள் சில, ஸ்டீராய்டு ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் விழும். கருத்தடைக்கு மாற்று வழி மருந்து முடித்த பின்னும் 4 வாரம் தேவை.

கிளிண்டாமைசினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். தண்ணீராகப் பேதி தொடர்ந்தால் மருந்தை நிறுத்துங்கள், பேதியை அடக்கும் மாத்திரை போடாதீர்கள். டிஃபிசில் கிருமிக் குடல் அழற்சி மருந்து முடித்துச் சில வாரம் கழித்தும் வரும்.

#8 அகலாடி

வேளைக்கணக்கு சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் சரி. ஆனால் இதை முதல் மருந்தாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2015இல் 82 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த பல மைய ஆய்வில், டெட்ராசைக்ளின் வகைக்குப் பிறகு நோய் அடங்கியிருந்த சராசரி 4.6 மாதம், ரிஃபாம்பிசின் கூட்டுக்குப் பிறகு 7.2 மாதம். இரண்டுமே நிரந்தரமில்லை. இடையில் உள்ள இரண்டரை மாத லாபத்துக்காக ஒரு காசநோய் மருந்தை, நொதித் தூண்டலை, குடல் அழற்சி அபாயத்தை எல்லோருக்கும் முதலிலேயே கொடுப்பது சரியல்ல.

மிதமான நோய்க்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., ஒரு வேளையோ இரு வேளையோ, சில மாதம். கூடவே விளிம்பில் குளோபெட்டசால் 0.05% ஸ்டீராய்டு லோஷன், கொப்புளம் உள்ள இடத்தில் மியூபிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. டாக்ஸிசைக்ளின் கிருமியைத் தடுப்பதோடு நியூட்ரோஃபில்களின் வேகத்தையும் குறைக்கிறது, இந்த நோய்க்கு இரண்டும் வேண்டும். நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்திருத்தல், வெயிலில் கவனம். இரும்பு, கால்சியம், அமிலம் தணிக்கும் மருந்து இவற்றோடு சேர்த்துப் போட்டால் உடலில் சேராது, 2 முதல் 3 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழும் கூடாது.

அதே தொகுப்பில் திட்டின் மிகப்பெரிய விட்டத்தை வைத்துத் தரம் பிரித்தார்கள்: 2 செ.மீ.க்குள், 2 முதல் 4.99, 5 செ.மீ.யும் மேலும். 25 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கும், கொப்புளம் உள்ளவர்களுக்கும் கடுமையான நோயின் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இவர்களிடம் மென்மையாகத் தொடங்கி நேரத்தை இழக்க வேண்டாம், இங்கே ரிஃபாம்பிசின் கூட்டுக்கு நியாயம் உண்டு.

#9 அகார்தட்டு

அந்தக் கூட்டிலேயே ஒரு ஓட்டை உண்டு. கிளிண்டாமைசினைச் சிதைக்கும் நொதியை ரிஃபாம்பிசின் தூண்டுகிறது. வாய்வழியாக இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது கிளிண்டாமைசின் அளவு இரத்தத்தில் வெகுவாக விழுவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் சில வாரங்களில் அது ஏறக்குறைய ரிஃபாம்பிசின் தனி மருந்து. "தனியாகக் கொடுப்பதே இல்லை" என்று #7இல் சொன்ன விதிக்கு நேர் எதிராகப் போய்விடுகிறோம். கிருமி திரும்பி வந்தால் கல்ச்சர் எடுக்காமல் அதே கூட்டை இரண்டாம் சுற்று ஓட்டாதீர்கள்.

#10 வேளைக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், அந்த வரியை நான் சேர்த்திருக்க வேண்டும். முதல் மருந்து என்று நான் எழுதவில்லை என்றாலும் தொனி அப்படி இருந்தது.

ஐசோட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) பற்றி இங்கே யாரும் இன்னும் பேசவில்லை. 2018இல் வந்த 39 ஆண்களின் தொகுப்பில், ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.4 மி.கி. அல்லது அதற்கு மேல், குறைந்தது 3 மாதம் எடுத்தவர்களுக்குத் திரும்ப வருவது குறைவாக இருந்தது. 60 கிலோ எடைக்கு அது 24 மி.கி.; 10, 20 மி.கி. காப்ஸ்யூல்களில் 20 கொஞ்சம் குறை, 30 தாராளம். கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் சரியாக உடலில் சேரும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு.

விட்டுக்கொடுக்கவே முடியாத இரண்டு விதிகள். கர்ப்பத்தில் கூடாது, சிகிச்சை முழுவதும், முடித்தபின் 1 மாதமும் உறுதியான கருத்தடை வேண்டும், அந்தக் காலத்தில் இரத்த தானமும் கூடாது. அடுத்து, டாக்ஸிசைக்ளினோடு சேர்க்கவே கூடாது: மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடி, தலைவலியும் பார்வை மங்கலும் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய பட்டையில் மீதமிருப்பதை "வீணாக்க வேண்டாம்" என்று போட்டு முடிப்பதில்தான் இந்தத் தவறு நடக்கிறது. இரத்தக் கொழுப்பும் கல்லீரலும் தொடங்குமுன் ஒருமுறை, 1 முதல் 2 மாதத்தில் ஒருமுறை.

#11 இடைவகிடு

மருந்துப் பேச்சில் தினசரி வேலை காணாமல் போகிறது, அதைச் சேர்த்துவிடுகிறேன்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வைத்து, ஊறியபின் தானாக வருவதை மட்டும் எடுங்கள். பொருக்கு மேலே இருக்கும்போது லோஷன் பூசினால் மருந்து பொருக்குக்குத்தான் போகும். நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கிருமிநாசினிக் கழுவல். தேய்த்ததும் அலசாமல் சில நிமிடம் விட வேண்டும். குளோர்ஹெக்ஸிடின் கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் போகக் கூடாது, கருவிழியைப் புண்ணாக்கும். பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கும், முடியின் நிறத்தையும் மாற்றும். வெள்ளைத் துணிக்கு மாறிவிடுங்கள். மூக்கில் கிருமி இருந்தால் மியூபிரோசின் நாசிக் களிம்பு, நாளுக்கு 2 வேளை, 5 நாள். அதே 5 நாளில் தலையணை உறை, துண்டு, தொப்பி, சீப்பு எல்லாம் வெந்நீர்க் கழுவல். மூக்கை இந்த வாரமும் துணிகளை அடுத்த மாதமும் செய்தால் இரண்டும் வீண்.

முடியைக் குட்டையாக வைத்தால் மருந்து தோலில் சேரும். டிரிம்மரில் சில மி.மீ. விட்டு வெட்டுங்கள், பிளேடால் மழிக்க வேண்டாம், ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு வாசல். கொத்து முடியைப் பிடுங்குவது அழற்சியைத்தான் கிளப்பும். தலையை இறுக மூடும் கனத்த எண்ணெய்ப் பூச்சும் கொப்புளம் உள்ளபோது வேண்டாம்.

அளப்பது எப்படி: ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே தூரம், ஈரமில்லாத தலை, மாதம் ஒருமுறை புகைப்படம். படத்துக்குள் ஒரு அளவுகோல் தெரிய வேண்டும். மூக்கின் மேற்குழியிலிருந்து நடுவகிடு வழியாகத் திட்டின் முன்விளிம்பு வரை ஒரு அளவு, இரண்டு காது நுனிகளிலிருந்தும் ஒவ்வொரு அளவு, திட்டின் மிக நீண்ட விட்டம். நான்கு எண்கள், தேதியோடு. நினைவை நம்பினால் நல்ல வாரத்தில் குறைந்ததுபோலவும் கெட்ட வாரத்தில் இரட்டிப்பானதுபோலவும் தோன்றும்.

வெற்றி என்பது முடி முளைப்பதில்லை. மூன்று மாதம் விளிம்பு நகராமல் இருப்பது, புதுக் கொப்புளம் இல்லாமல் இருப்பது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் "முடி வரவில்லை" என்று வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

#12 குறுக்குவெட்டு

#3இல் விட்டுப்போன ஒன்று. சிலருக்குக் கொப்புளம் நின்று, கல்ச்சரும் சுத்தமாகி, ஆனாலும் விளிம்பு நகரும். மயிர்க்காலைச் சுற்றிச் சிவப்பும் செதிலும் மட்டும் இருக்கும். அப்போது மீண்டும் ஒரு பயாப்ஸி எடுங்கள். டிகால்வன்ஸாகத் தொடங்கி லைக்கன் பிளானோபிலாரிஸ் என்ற இன்னொரு தழும்பு வழுக்கைபோல லிம்ஃபோசைட் படமாக மாறுவதும், இரண்டும் ஒரே தலையில் இருப்பதும் இப்போது நன்கு அறியப்பட்டவை. ஆன்டிபயாடிக்கை மேலும் மேலும் கூட்டுவது அங்கே உதவாது. பாதை லிம்ஃபோசைட் அழற்சிக்கான மருந்துக்கு மாற வேண்டும். முதல் அறிக்கையை வேதமாகப் பிடித்துக்கொள்வதால்தான் இது தவறுகிறது.

இன்னொன்று: பல வருடத் தழும்பில் ஆறாத புண், தடித்த விளிம்பு, தொட்டால் இரத்தம் என்றால் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயை விலக்க அந்த இடத்தில் உடனே பயாப்ஸி. அரிது, ஆனால் களிம்பு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

#13 அகலாடி

விளிம்பில் ஊசி பற்றியும் டாப்சோன் பற்றியும் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள், பொதுவிலேயே எழுதுகிறேன்.

டிரையாம்சினோலோன் ஸ்டீராய்டு ஒரு மி.லி.க்கு 10 மி.கி. வலுவில், மெல்லிய 30 எண் ஊசியால், விளிம்பை ஒட்டி 1 செ.மீ.க்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 0.1 மி.லி., 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. மருந்து தோலின் நடு அடுக்கில் நிற்க வேண்டும். அழுத்தும்போது எதிர்ப்பு தெரிந்தால் சரியான அடுக்கு, சட்டென்று இலகுவாகப் போனால் கொழுப்புக்குள் போய்விட்டது, அங்கே குழி விழும். கொப்புளம் கொதிக்கும் விளிம்பில் ஆன்டிபயாடிக் துணை இல்லாமல் ஸ்டீராய்டு ஊசி போடாதீர்கள். நடு வழுக்கையில் போட்டுப் பயனே இல்லை.

டாப்சோன் 75 முதல் 100 மி.கி., மற்றவை தோற்றபோது. ஜி6பிடி நொதி அளவு பார்க்காமல் ஒரு மாத்திரைகூடத் தொடங்கக் கூடாது; குறைபாடு உள்ளவருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். முதல் மாதம் வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின், பிறகு மாதம் ஒருமுறை. உதடு நீலம், மூச்சிரைப்பு, விரல் ஆக்சிமீட்டர் 85 பக்கம் நின்றுவிடுவது, இவை மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்காத ஹீமோகுளோபின்) கூடியதன் அறிகுறி. முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் டாப்சோன் ஒவ்வாமை என்றே எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் எதற்கும் அடங்காத நோய்க்கு முயலப்படுகின்றன. அங்கேயும் காசநோய்ப் பரிசோதனை முதல் படி.

#14 சீப்புமுனை

நோய் அடங்கிய பிறகு முடி நடுதல்? முடி வளரப் பூசும் மினாக்சிடில்?

#15 அகலாடி

மருந்தே இல்லாமல் குறைந்தது 1 வருடம், பலர் கேட்பது 2 வருடம், விளிம்பு அசையாமல் இருக்க வேண்டும். மருந்தின் பிடியில் அடங்கியிருப்பது இந்தக் கணக்கில் சேராது. அதன்பிறகும் முழுத் திட்டையும் நடாமல் சிறு பகுதியில் சோதனையாகக் கொஞ்சம் நட்டு, 6 மாதமாவது பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு, பிடிக்கும் விகிதம் சாதாரணத் தலையைவிடக் குறையும், நெருக்கமாக நடவும் முடியாது. நடும் துளைகளே நோயைத் தட்டி எழுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. "அடங்கிவிட்டது" என்று பார்வையாலேயே சொல்லி நாள் குறிப்பவரிடம் டெர்மாஸ்கோப் படமும் கடைசிப் பயாப்ஸியும் கேளுங்கள்.

மினாக்சிடில் தழும்பில் எதையும் முளைக்க வைக்காது. சுற்றியுள்ள முடியைத் தடிக்க வைத்து மறைக்க உதவும். புரொப்பிலீன் கிளைகால் கலந்த திரவம் எரிச்சல் தரும், நுரை வகை பரவாயில்லை. விளிம்பு கொதிக்கும்போது இரண்டுமே வேண்டாம்.

#16 அகார்தட்டு

சேமித்து வைக்க ஒரே ஒரு வாசகம். ஸ்வாப் படிவத்தில் வெறும் "சீழ், தலை" என்று எழுதி அனுப்பாமல் இப்படி எழுதுங்கள்: "தலைத்தோல், உடையாத கொப்புளம், திட்டின் வலது பின்விளிம்பு. தழும்பு வழுக்கை சந்தேகம். கடைசி ஆன்டிபயாடிக்: பெயர், நிறுத்திய தேதி. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தால் டி-டெஸ்ட், ரிஃபாம்பிசின், டாக்ஸிசைக்ளின், மியூபிரோசின் உணர்வு பார்க்கவும்." கேட்காவிட்டால் பல லேபுகள் மியூபிரோசின் வில்லையை வைப்பதில்லை. பூஞ்சைக்கு ஸ்வாப் போதாது. விளிம்பிலிருந்து வேரோடு பிடுங்கிய சில முடிகளையும் செதிலையும் தனி உலர்ந்த காகித மடிப்பில் வைத்து, கே.ஓ.எச். என்று எழுதி அதே நாளில் கூட அனுப்புங்கள்.